அக்குளைத் துடைத்தெடுப்பது பாதுகாப்பு ஆகாது

மார்பில் புற்றுநோய் என்று உறுதியானதும் குடும்பத்தார் மருத்துவரிடம் வைக்கும் முதல் வேண்டுகோள் பெரும்பாலும் ஒன்றேதான்: "மிச்சம் மீதி வைக்காம எல்லாத்தையும் எடுத்துடுங்க டாக்டர்." அந்த "எல்லாத்தையும்" என்பதில் மார்பு மட்டும் இல்லை, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களும் சேர்த்தி. கட்டி சிறியதாக இருந்தாலும், அக்குளில் கைக்கு எதுவும் தட்டுப்படாவிட்டாலும், ஸ்கேனில் கணுக்கள் இயல்பாகத் தெரிந்தாலும் அந்த வேண்டுகோள் மாறுவதில்லை. கணவர் கேட்கிறார், அண்ணன் கேட்கிறார், சில வேளைகளில் நோயாளியே கேட்கிறார். பயத்தில் கேட்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அறுவை மருத்துவர்களிலேயே ஒரு பகுதியினர் அதே நம்பிக்கையோடு இருக்கிறார்கள். எத்தனை கணுக்கள் வந்தன என்ற எண்ணிக்கையையே தங்கள் கைத்திறனுக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். அங்கேதான் பேச வேண்டியிருக்கிறது.

அக்குள் கணுக்கள் புற்றுநோயைத் தடுத்து நிறுத்தும் கடைசி அரண், அவற்றை ஒட்டுமொத்தமாக அகற்றினால் நோய் அதற்கு மேல் பரவாது, ஆகவே எவ்வளவு அதிகம் எடுக்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு: இதுதான் அந்த நம்பிக்கை. தொடக்கநிலை நோயோடு வரும், அக்குளில் நெறிக்கட்டி ஏதும் தட்டுப்படாத பெண்களின் விஷயத்தில் இது தவறு. பாதி சரி பாதி தவறு என்றுகூடச் சொல்ல முடியாது. ஐம்பது ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் தோற்ற கருத்து இது.

முதலில் அந்த இடத்தைப் பார்ப்போம். அக்குள் என்பது தோலுக்கு அடியில் இருக்கும் வெற்றுக் குழி அன்று. நான்கு சுவர்களும் ஓர் உச்சியும் கொண்ட கூம்பு வடிவ இடம் அது. முன்சுவர் மார்பின் பெரிய தசையும் அதன் பின்னுள்ள சிறிய தசையும். பின்சுவர் தோள்பட்டை எலும்பின் முன்புறத் தசையும், முதுகிலிருந்து கைக்கு வரும் அகன்ற தசையும். உட்சுவர் மேல் விலா எலும்புகளும் அவற்றின் மேல் படர்ந்த தசையும். வெளிச்சுவர் மேற்கை எலும்பு. உச்சி கழுத்தை நோக்கித் திறக்கிறது. கைக்குப் போகும் தமனி, கையிலிருந்து திரும்பும் சிரை, கையை அசைக்கவும் உணரவும் வைக்கும் நரம்புக் கற்றைகள் எல்லாமே இந்தக் கூம்புக்குள்தான் செல்கின்றன. இவற்றுக்கிடையே நிரம்பியிருக்கும் கொழுப்பில் ஏறத்தாழ 20 முதல் 30 கணுக்கள் புதைந்திருக்கின்றன. ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும். கணுக்களைத் தனியே பறித்தெடுக்க வழியில்லை. அந்தக் கொழுப்பை மொத்தமாகச் சிரையிலிருந்தும் நரம்புகளிலிருந்தும் உரித்துத்தான் எடுக்க வேண்டும்.

உடற்கூற்று நூல்கள் இக்கணுக்களை ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கின்றன. சிறிய மார்புத் தசையின் கீழ்விளிம்பை ஒட்டி முன்தொகுதி: மார்பின் நிணநீரில் பெரும்பகுதி முதலில் இங்கேதான் வருகிறது. தோள்பட்டையை ஒட்டிப் பின்தொகுதி: முதுகின் மேற்பகுதிக்கு உரியது. அக்குள் சிரையை ஒட்டிப் பக்கத் தொகுதி: கையின் நிணநீர் ஏறக்குறைய முழுவதும் இதன் பொறுப்பு. கொழுப்பின் நடுவே மையத்தொகுதி. எல்லாவற்றுக்கும் மேலே உச்சித்தொகுதி. ஒரு ஏரி நிறைந்து கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போவதுபோல் முதல் மூன்றும் மையத்துக்கு வழிகின்றன, மையம் உச்சிக்கு வழிகிறது, அங்கிருந்து கழுத்தின் அடியில் உள்ள பெருஞ்சிரைகளில் போய்ச் சேர்கிறது. அறுவை மருத்துவர்கள் இதையே வேறு கணக்கில் சொல்வார்கள்: சிறிய மார்புத் தசைக்கு வெளியே முதல் மட்டம், அதன் பின்னால் இரண்டாம் மட்டம், அதற்கு உள்ளே மூன்றாம் மட்டம்.

கையின் வடிகாலும் மார்பின் வடிகாலும் இங்கே அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன, மையத்தில் ஒன்றுகூடுகின்றன. மார்பில் வந்த நோய்க்காக அக்குளை முழுவதும் துடைக்கும்போது, நோயே இல்லாத கையின் வடிகாலும் சேர்ந்து போகிறது. இந்த உடற்கூற்றைப் படித்துத் தேர்ச்சி பெற்றவர்களே "எல்லாத்தையும் எடுத்தால் நல்லது" என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு தந்தை உண்டு. கணுக்கள் நோயை வடிகட்டும் சல்லடைகள் என்று 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் நோயியலாளர் ருடால்ஃப் விர்ஷோ வகுத்தார். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் அதை அறுவை மேசைக்குக் கொண்டுவந்தார். புற்றுநோய் மார்பிலிருந்து கணுவுக்கு, கணுவிலிருந்து உடலுக்கு என்று படிப்படியாக, ஒழுங்காக நகர்கிறது என்பது அவர் கணிப்பு. அப்படியானால் மார்பு, அதன் அடியில் உள்ள தசைகள், அக்குளின் உள்ளடக்கம் மூன்றையும் ஒரே துண்டாக வெட்டியெடுத்தால் நோயின் பாதை அறுந்துவிட வேண்டும். 1894-இல் அவர் வெளியிட்ட முடிவுகள் அன்றைய நிலையில் பெரும் சாதனைதான். அதற்கு முன்பு அறுவை செய்த இடத்திலேயே நோய் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது, அதை அவர் வெகுவாகக் குறைத்தார். அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் வெட்டிய இடத்தில் நோய் வராமல் இருப்பது வேறு, அந்தப் பெண் உயிரோடு இருப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதிய பிழை முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது.

அந்த அறுவையின் விலையை ஹால்ஸ்டெட்டே கண்ணால் கண்டார். இறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1921-இல், மார்பு அறுவைக்குப் பின் வீங்கும் கைகளைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அறுவையால் வந்த யானைக்கால் என்றே அந்த வீக்கத்துக்குப் பெயரும் வைத்தார். யானைக்கால் நோயை நேரில் பார்த்த நம் ஊர் வாசகருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அங்கே புழுக்கள் நிணநீர்க் குழாய்களைக் கெடுக்கின்றன, இங்கே வடிகாலை மருத்துவரே எடுத்துவிடுகிறார்.

ஹால்ஸ்டெட்டின் கோட்பாட்டை அதன் சொந்தக் களத்திலேயே சோதித்தவர் பிட்ஸ்பர்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர். 1971-இல் தொடங்கிய அந்த ஆய்வைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய விவாதத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அக்குளில் நெறிக்கட்டி தட்டுப்படாத 1,079 பெண்கள் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். முதல் பிரிவுக்கு ஹால்ஸ்டெட் முறை: மார்பும் தசையும் அக்குளும் முழுவதும் அகற்றப்பட்டன. இரண்டாம் பிரிவுக்கு மார்பு மட்டும் அகற்றப்பட்டு அக்குளுக்குக் கதிர்வீச்சு. மூன்றாம் பிரிவுக்கு மார்பு மட்டும் அகற்றப்பட்டது. அக்குளை முறையாகத் துடைக்கவில்லை, பின்னால் அங்கே நோய் தலைகாட்டினால் மட்டும் எடுப்பது என்று ஏற்பாடு. கீமோவோ ஹார்மோன் மாத்திரையோ யாருக்கும் தரப்படவில்லை. ஆகவே "மருந்து காப்பாற்றியிருக்கும்" என்று பின்னால் யாரும் சொல்ல வழியில்லை.

அக்குள் அகற்றப்பட்ட முதல் பிரிவில் ஏறத்தாழ 40 சதவீதம் பேரின் கணுக்களில் புற்றுநோய் இருந்தது. குலுக்கல் முறையில் பிரித்ததால், மூன்றாம் பிரிவிலும் கிட்டத்தட்ட அதே அளவு பேருக்கு அக்குளில் நோய் இருந்திருக்க வேண்டும். அவர்களுடைய கணுக்களில் பெரும்பாலானவை உள்ளேயே விடப்பட்டன. ஹால்ஸ்டெட் சொன்னது சரியென்றால் அந்தப் பெண்கள் வரிசையாக இறந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. மூன்றாம் பிரிவினரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்கே பின்னால் அக்குளில் நோய் வெளிப்பட்டது, அவர்களுக்கு அப்போது கணுக்கள் அகற்றப்பட்டன. 25 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த இறுதிக் கணக்கு 2002-இல் வெளியானபோது மூன்று பிரிவுகளுக்கிடையே உயிர் பிழைத்திருப்பதில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. கணுக்களை முன்கூட்டியே அகற்றியவர்கள் கூடுதலாக வாழவில்லை, உள்ளே விட்டவர்கள் அதனால் முன்னதாகச் சாகவும் இல்லை.

இதற்கு ஒரு பொருள்தான் இருக்க முடியும். கணுவில் புற்றுநோய் இருப்பது, நோய் உடலில் எந்த அளவுக்கு வேகம் எடுத்திருக்கிறது என்பதன் அடையாளம். இரத்தத்தின் வழியே எலும்புக்கோ நுரையீரலுக்கோ போக வேண்டிய செல்கள் அக்குளில் அனுமதி வாங்கிக் காத்திருப்பதில்லை. பல வேளைகளில் அவை ஏற்கெனவே போயிருக்கும். அவற்றைக் கொல்வது மருந்தின் வேலை.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தையும் இங்கேயே எடுத்துக்கொள்கிறேன். 2018-இல் எலிகளில் செய்யப்பட்ட இரண்டு ஆய்வுகள், கணுவுக்குள் சென்ற புற்றுச் செல்கள் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் நுழைந்து உடலெங்கும் போக முடியும் என்று காட்டின. ஆக, கணு வெறும் அடையாளம் மட்டுமன்று, நோய் பரவும் வாயிலாகவும் இருக்க முடியும். இதை மூடி மறைக்கத் தேவையில்லை. முடியும் என்பதற்கும், மனிதர்களில் அந்த வாயிலை அடைத்தால் ஆயுள் கூடும் என்பதற்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்தத் தூரத்தை அளந்து பார்த்த ஆய்வு ஃபிஷருடையது மட்டும் இல்லை.

1990-களில் ஒரு புதிய வழி வந்தது. மார்பிலிருந்து வடியும் நிணநீர் முதலில் எந்தக் கணுவைச் சென்றடைகிறதோ, அந்த முதற்கணுவை நீலச் சாயத்தாலோ கதிரியக்கத் துகளாலோ அடையாளம் கண்டு, அதை மட்டும் எடுத்துச் சோதிப்பது. தோல் புற்றுநோயில் டொனால்ட் மார்ட்டன் காட்டிய பாதையில், மார்பகப் புற்றுநோய்க்கு டேவிட் கிராக்கும் அர்மாண்டோ ஜூலியானோவும் இதைக் கொண்டுவந்தார்கள். முதற்கணுவில் நோய் இல்லை என்றால் மற்றவற்றைத் தொடத் தேவையில்லை. 5,600-க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று இதை 2010-இல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது.

பிறகு ஜூலியானோ இன்னும் துணிச்சலான ஒரு கேள்வியைக் கேட்டார். முதற்கணுக்களில் ஒன்றிலோ இரண்டிலோ புற்றுநோய் இருந்தால்கூட மீதியை எடுக்க வேண்டுமா? மார்பின் ஒரு பகுதியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு பெற்ற 891 பெண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். அக்குள் முழுவதும் அகற்றப்பட்ட பிரிவில் 27 சதவீதம் பேருக்கு மேலும் சில கணுக்களில் நோய் இருந்தது. மறுபிரிவிலும் அதே அளவு நோய் உள்ளேயே விடப்பட்டது என்றுதான் கொள்ள வேண்டும். பத்து ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் துடைத்த பிரிவில் 83.6 சதவீதம், துடைக்காத பிரிவில் 86.3 சதவீதம். அந்த ஆய்வு திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டாமல் நிறுத்தப்பட்டது, மார்பை முழுவதும் எடுத்தவர்கள் அதில் இல்லை என்ற குறைகளைச் சுட்டினார்கள். நியாயமான குறைகள்தான். ஸ்வீடன் முன்னின்று ஐந்து நாடுகளில் 2,500-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2024-இல் வெளிவந்த ஆய்வு இரண்டையும் தீர்த்துவைத்தது. மார்பை முழுவதும் இழந்த பெண்களும் அதில் இருந்தார்கள். முடிவு மாறவில்லை.

இத்தாலியின் மிலான் நகரிலிருந்து 2023-இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி, அக்குள் ஸ்கேனில் இயல்பு: இத்தகைய பெண்களில் ஒரு பாதியினருக்கு முதற்கணுவைக்கூட எடுக்கவில்லை. ஐந்து ஆண்டுகளில் நோய் வேறு உறுப்புக்குப் பரவாமல் இருந்தவர்கள் ஒரு பிரிவில் 97.7, மறுபிரிவில் 98 சதவீதம். உலகம் முதற்கணுவையும் விட்டுவிடலாமா என்று ஆராய்ந்துகொண்டிருக்கும்போது, இருபது கணுக்களையும் எடுத்தால்தான் நிம்மதி என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அப்படியே எடுத்தாலும் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் அறுவைக்குப் பிறகு அந்தக் கையோடு வாழ்ந்து பார்த்ததில்லை. அக்குளைத் துடைக்கும்போது பெரும்பாலும் முதலில் பலியாவது மேற்கையின் உட்புறத்துக்கு உணர்வு தரும் நரம்பு. விலா இடுக்கிலிருந்து கிளம்பிக் கொழுப்பின் குறுக்கே போவதால் அது தப்புவது கடினம். அந்த இடம் மரத்துப்போகும், சிலருக்கு எரியும், ரவிக்கையின் கை உரசினாலே கூசும். விலாவை ஒட்டிச் செங்குத்தாக இறங்கும் நீண்ட நரம்பு காயப்பட்டால் தோள்பட்டை எலும்பு முதுகில் துருத்திக்கொண்டு நிற்கும், கையைத் தலைக்கு மேலே உயர்த்த முடியாது. பின்சுவரை ஒட்டிச் செல்லும் இன்னொரு நரம்பு போனால் கையை உடலோடு இழுக்கும் வலு குறையும். தேர்ந்த கைகள் இந்த இரண்டையும் காப்பாற்றிவிடும். வடிகாலை எந்தக் கையாலும் காப்பாற்ற முடியாது.

கை வீக்கம்தான் பெரிய துன்பம். அக்குள் முழுவதும் அகற்றப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது வருகிறது. முதற்கணு மட்டும் எடுத்தவர்களில் இருபதில் ஒருவர் என்ற அளவில்தான். சில மாதங்களில் வரலாம், பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். வளையல் ஏறாது, ரவிக்கையின் ஒரு கையை மட்டும் அகலமாகத் தைக்க வேண்டியிருக்கும். அரிவாள்மணையில் சிறு கீறல் பட்டாலும் கை சிவந்து காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர வேண்டி வரலாம். நாற்று நடுபவர், பீடி சுற்றுபவர், துணி துவைத்துப் பிழைப்பவர், தையல் எந்திரத்தில் உட்கார்பவர் இவர்களுக்குக் கைதான் வருமானம். ஆயுளில் ஒரு நாளைக்கூடக் கூட்டாத ஓர் அறுவைக்காக அந்தக் கையைக் கேட்பது எனக்குச் சகிக்க முடியாததாக இருக்கிறது.

இனி, நம் ஊர் நிலைமையைக் காட்டிச் சொல்லப்படும் காரணங்கள். கதிரியக்கக் கருவி எங்களிடம் இல்லை என்பது ஒன்று. நீலச் சாயம் என்றதும் விலையுயர்ந்த இறக்குமதிச் சாயத்தை நினைக்க வேண்டாம். மலிவான மெத்திலீன் புளூவை வைத்தே இந்தியாவின் பல இடங்களில் முதற்கணுவைத் தேடி எடுக்கிறார்கள். சாயமும் வேண்டாம் என்றால் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை சோதித்துக் காட்டிய வழி இருக்கிறது: மேற்கையின் உணர்வு நரம்புக்குக் கீழே உள்ள கொழுப்பையும் கணுக்களையும் மட்டும் எடுத்துப் பார்ப்பது. அந்த எல்லைக்கோடு எல்லா மனித அக்குளிலும் இருக்கிறது, அதை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

நோயாளிகள் திரும்பிப் பரிசோதனைக்கு வருவதில்லை, ஒரே தடவையில் முடித்துவிடுவது நல்லது என்பது இன்னொன்று. இதில் உண்மை இருப்பதால் இதை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த வாதம் தன்னைத்தானே வீழ்த்துகிறது. திரும்பி வராத பெண்ணின் கை வீங்கினால் அவளுக்குக் கட்டுப்போடுவது யார்? பயிற்சி சொல்லித் தருவது யார்? அக்குளில் நோய் இருப்பது தெரிந்து, கண்காணிக்கவும் முடியாது என்றால், கதிர்வீச்சு இருக்கிறது. முதற்கணுவில் நோய் இருந்த 1,425 பெண்களிடம் ஐரோப்பாவில் நடந்த ஒப்பீட்டில், அக்குளில் நோய் திரும்பி வருவது இரண்டு சிகிச்சைக்குப் பிறகும் மிக அரிதாகவே இருந்தது. கை வீக்கமோ அறுவை செய்தவர்களில் 23 சதவீதம், கதிர்வீச்சு பெற்றவர்களில் 11 சதவீதம்.

எத்தனை கணுவில் நோய் என்று தெரிந்தால்தான் கீமோவை முடிவு செய்ய முடியும் என்பது மூன்றாவது. ஒரு காலத்தில் இது சரி. இன்று கட்டியின் ஹார்மோன் ஏற்பிகளும், ஹெர்-2 என்னும் புரதத்தின் நிலையும், அளவும் சேர்ந்து பெரும்பாலான முடிவுகளைத் தீர்மானிக்கின்றன. எண்ணிக்கை தேவைப்படும் சில மருந்துகள் உண்டு. அந்தச் சிலருக்காக எல்லோருடைய அக்குளையும் திறக்க முடியாது.

எல்லை எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் மருத்துவமனைகளுக்கு நோய் முற்றிய பின் வரும் பெண்கள் ஏராளம். அக்குளில் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாகத் திரண்டிருந்தால், மார்பு முழுவதும் சிவந்து வீங்கும் வகை நோயாக இருந்தால், முதற்கணுக்கள் பலவற்றில் நோய் இருந்தால், கீமோவுக்குப் பிறகும் கணுக்களில் நோய் மிஞ்சியிருந்தால், அக்குளை முழுமையாக அகற்றுவது இன்றும் முறையான சிகிச்சை. அதைச் செய்யும் மருத்துவரை நான் குறை கூறவில்லை. அதைச் செய்யச் சொன்னால் அந்தப் பெண் தயங்கவும் கூடாது. அந்த நோயாளிக்கு உரியதை, நெறியே கட்டாத அக்குளோடு வருபவருக்கும் பாதுகாப்பு என்று சொல்லிச் செய்வதைத்தான் மறுக்கிறேன். ஆகவே அறுவைக்கு முன் குடும்பத்தார் கேட்க வேண்டியவை வேறு. அக்குளை ஸ்கேன் செய்து பார்த்தீர்களா? சந்தேகமான கணுவில் ஊசி போட்டுச் சோதித்தீர்களா? முதற்கணுவை மட்டும் எடுத்துப் பார்க்க முடியுமா? முடியாதென்றால் அது இந்த நோயின் காரணமா, இந்த மருத்துவமனையில் வசதி இல்லாத காரணமா? பின்னது என்றால் வசதி உள்ள இடத்துக்கு அனுப்பச் சொல்வதில் தவறே இல்லை.

ஏற்கெனவே அக்குள் அகற்றப்பட்டவர்களுக்கும் ஒரு தவறான அறிவுரை தலைமுறை தலைமுறையாகத் தரப்படுகிறது: அந்தக் கையால் குடம் தூக்காதே, பை தூக்காதே, குழந்தையைத் தூக்காதே. கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், ஒரு பாதியினர் பயிற்சியாளரின் மேற்பார்வையில், சிறிது சிறிதாக எடையைக் கூட்டி, வாரம் இருமுறை எடை தூக்கினார்கள். அதனால் வீக்கம் கூடவில்லை. கையின் வலு கூடியது, வீக்கம் திடீரென மோசமாகும் நிகழ்வுகளும் குறைந்தன. பயன்படுத்தாமல் வைத்த கைதான் இறுகிப்போகிறது. அறுவைக்கு முன்பே இரு கைகளின் சுற்றளவையும் மணிக்கட்டிலிருந்து மேலாகப் பல இடங்களில் அளந்து குறித்துவைத்தால், பின்னால் வீக்கம் தொடங்கியவுடனே பிடித்துவிடலாம். தொடக்கத்தில் பிடித்தால் அழுத்த உறையும் பயிற்சியும் நன்றாக வேலை செய்யும். அதற்கு ஓர் அளவு நாடாவும் ஒரு செவிலியரின் ஐந்து நிமிடமும் போதும். மார்பக அறுவை நடக்கும் ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் நாளையே அதைத் தொடங்கிவிடலாம்.